சென்னை அலுவலகத்தின் சர்வர் ரூமைச் சிக்கனமாக நடத்த ஒரு முழு வழிகாட்டி

கிண்டியிலோ அம்பத்தூரிலோ பெருங்குடியிலோ ஐம்பது முதல் முந்நூறு பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனி. உள்ளே ஒரு சின்ன ரூம், அதில் சர்வர்களை அடுக்கி மாட்டும் ரேக் ஒன்றிலிருந்து நாலு, இரண்டு ஸ்ப்ளிட் ஏசி, மூலையில் யுபிஎஸ், கதவில் ‘அனுமதி இல்லை’ என்று ஒரு போர்டு. அந்த ரூமுக்குப் பொறுப்பாக இருப்பவருக்காகத்தான் இது. நூறு ரேக் வைத்திருப்பவர்களிடம் அதற்கென்றே ஒரு படை இருக்கும், அவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செலவைக் குறைக்கச் சொன்னால் பலரும் ஏசியில் கை வைக்கிறார்கள், இல்லையென்றால் புது யுபிஎஸ்ஸுக்குக் கொட்டேஷன் வாங்குகிறார்கள். சர்வரில்தான் ஆரம்பிக்க வேண்டும். சர்வரில் நூறு வாட் குறைந்தால், அந்த நூறைக் கொடுக்கும்போது யுபிஎஸ்ஸில் வீணாகும் கொஞ்சமும் குறையும், அது கக்கும் சூட்டை வெளியே தள்ள ஏசி இழுக்கும் கரண்டும் குறையும், ஜென்செட்டில் எரியும் டீசலும் குறையும். ஏசியில் ஆரம்பித்தால் இந்தப் பலன் பின்னோக்கி வராது. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு எக்செல் ஷீட் போதும், இதற்காக சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி: எந்த ரேக், எந்த யூ (ரேக் உயரத்தில் ஒரு தட்டு அளவு), மாடல், சீரியல் நம்பர், வாங்கிய வருடம், வாரண்டியோ ஏஎம்சியோ (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எப்போது முடிகிறது, அதில் என்ன ஓடுகிறது, அதை யார் பயன்படுத்துகிறார்கள். கடைசி இரண்டு கட்டங்களை நிரப்புவதுதான் கஷ்டம். ‘பழைய பேரோல்’, ‘முன்னாடி இருந்தவர் போட்டது’ என்றெல்லாம் பதில் வரும். பெயர் சொல்ல ஆள் இல்லாத ஒவ்வொரு பெட்டியையும் மஞ்சள் நிறமாக்கி வையுங்கள், அடுத்த படியில் அதற்கு வேலை இருக்கிறது.

அதே ஷீட்டில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ஆயுளையும் போடுங்கள். விண்டோஸ் சர்வர் 2012, 2012 ஆர்2 இரண்டுக்கும் வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-இல் முடிந்தது. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12 வரைதான். இந்தத் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பட்ஜெட் கேட்டால் எம்.டி. காது கொடுத்துக் கேட்பார். ‘சார், பழசாயிடுச்சு’ என்று மட்டும் சொன்னால் ‘ஓடுதுல்ல?’ என்றுதான் பதில் வரும்.

அப்புறம் மின்சாரத்தை அளக்க வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டு எனர்ஜி மீட்டர் போடச் சொல்லுங்கள்: ஒன்று யுபிஎஸ் அவுட்புட்டில், இன்னொன்று ஏசி, விளக்கு உட்பட அந்த ரூமுக்குப் போகும் மொத்த லைனில். மொத்தத்தை யுபிஎஸ் அவுட்புட்டால் வகுத்தால் வருவதுதான் பியூஈ. 2007-இல் கிரீன் கிரிட் அமைப்பு பரப்பிய இந்த அளவு, பின்னால் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. 1 என்றால் ஒரு துளி வீண் இல்லை, 2 என்றால் சர்வருக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இன்னொரு யூனிட் ஏசிக்கும் யுபிஎஸ்ஸுக்கும் போகிறது என்று அர்த்தம். உங்கள் எண் எவ்வளவு என்று அடுத்த கம்பெனியோடு ஒப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை. போன மே மாதத்தையும் இந்த மே மாதத்தையும் ஒப்பிடுங்கள்.

2. அணைக்க வேண்டியதை அணையுங்கள்

மஞ்சள் பெட்டிகளுக்கு வருவோம். வேலையே செய்யாமல் சும்மா இருக்கும் சர்வரும் கரண்ட் இழுக்கும், அதுவும் பழைய மாடல் என்றால் முழு வேகத்தில் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே சும்மா இருக்கும்போதும் இழுக்கும். ஒரு உதாரணக் கணக்கு: இப்படிப் பத்து சர்வர், தலைக்கு 200 வாட், ஆக 2 கிலோவாட். பியூஈ 1.8 என்றால் மீட்டரில் 3.6 கிலோவாட். வருடத்துக்கு 8,760 மணி நேரம், 31,536 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று லட்சத்துக்கு மேல், யாரும் பயன்படுத்தாத பெட்டிகளுக்கு.

அணைப்பதில் ஒரு முறை உண்டு. நேரடியாகப் பவரை எடுக்காதீர்கள். பல வருடம் நிற்காமல் ஓடிய ஹார்ட் டிஸ்க் ஒருமுறை நின்றால் மறுபடி சுற்றாமல் போக வாய்ப்பு உண்டு. முதலில் ஒரு முழு பேக்கப் எடுங்கள், பிறகு நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டுக் காத்திருங்கள். எவ்வளவு நாள்? மாதக் கடைசி, சம்பள நாள், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதி எல்லாமே ஒரு சுற்று வந்து போக வேண்டும். கணக்குப் பிரிவு சம்பந்தப்பட்டது போலத் தெரிந்தால் ஒரு காலாண்டு. யாரும் கத்தவில்லை என்றால் பவரை எடுக்கலாம்.

எடுத்த பெட்டியைக் காயலான் கடைக்குப் போடக் கூடாது. டிஸ்க்கை முறையாக அழித்துவிட்டு, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். மின்கழிவுக்கும் பேட்டரிக்கும் 2022-இல் வந்த தனித்தனி விதிகள் இருக்கின்றன. ஆடிட்டர் கேட்கும்போது அந்த ரசீது தேவைப்படும்.

3. மிச்சத்தை ஒன்றாக்குங்கள், ஆனால் லைசென்ஸைப் பார்த்து

ஆறேழு பழைய சர்வர்களில் தனித்தனியாக ஓடுவதை இரண்டு அல்லது மூன்று புது ஹோஸ்ட்களில் (பலவற்றைச் சேர்த்துத் தாங்கும் பெரிய சர்வர்) வர்ச்சுவல் மெஷின்களாக (சாஃப்ட்வேரால் ஆன சர்வர்) வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விளக்கப் போவதில்லை. ஒரு ஹோஸ்ட் விழுந்தால் மற்றவை மொத்த சுமையையும் தாங்கும்படி ரேம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு ஹோஸ்டும் எண்பது சதவீதம் நிரம்பியிருந்தால் அது பார்க்கத்தான் கிளஸ்டர், ஒன்று விழுந்தால் மற்றது தாங்காது.

காசு கரைவது லைசென்ஸில். விண்டோஸ் சர்வரைக் கோர் (பிராசஸருக்குள் இருக்கும் கணிப்புப் பிரிவு) கணக்கில்தான் விற்கிறார்கள், ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் வாங்கியே ஆக வேண்டும். ஸ்டாண்டர்ட் எடிஷனில் எல்லாக் கோர்களுக்கும் ஒருமுறை லைசென்ஸ் போட்டால் இரண்டு விண்டோஸ் மெஷின் ஓட்டலாம், டேட்டாசென்டர் எடிஷனில் கணக்கே இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வருக்கும் கோர் கணக்கு உண்டு. அதனால் வெண்டர் ‘64 கோர் சார், ஃபியூச்சருக்கு’ என்று காட்டும்போது, அந்த 64-க்கும் லைசென்ஸ் போட்டால் எவ்வளவு என்று அதே கொட்டேஷனில் எழுதித் தரச் சொல்லுங்கள். கோர் குறைவாக, வேகம் அதிகமாக உள்ள பிராசஸர் பல நேரம் மொத்தச் செலவில் மலிவு.

வர்ச்சுவல் மெஷின்களை ஓட்ட விஎம்வேர் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்குத் தலைவலி தெரியும். 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது, ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் அதோடு போயிற்று, இப்போது சந்தாதான். மூன்று ஹோஸ்ட் மட்டும் வைத்திருக்கும் கம்பெனிக்கு ஹைப்பர்-வி அல்லது பிராக்ஸ்மாக்ஸ் போதும் என்பது என் கருத்து. ஹைப்பர்-வி விண்டோஸ் லைசென்ஸோடு வருகிறது. பிராக்ஸ்மாக்ஸ் ஓப்பன் சோர்ஸ், ஆனால் லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும், அவர் லீவில் போனால் அடுத்தவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாற்றுவதென்றால் முதலில் யாருக்கும் முக்கியமில்லாத ஒரு மெஷினை மாற்றி, ஒரு மாதம் பேக்கப்பும் ரீஸ்டோரும் செய்து பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

4. காற்று

பல சர்வர் ரூம்களில் ரிமோட்டில் 18 வைத்திருப்பார்கள், உள்ளே போனால் பல் நடுங்கும், ஆனாலும் ஒரு சர்வர் சூட்டில் அலாரம் அடித்துக்கொண்டிருக்கும். சர்வருக்கு வேண்டியது ரூமின் குளிர் இல்லை, தன் முன்பக்கம் உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பம். குளிர்சாதனப் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே அந்த இடத்தில் 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை பரிந்துரைக்கிறது. ஒரு சின்ன தெர்மாமீட்டரை ரேக்கின் முன்பக்கம் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மேலே உள்ளது எப்போதும் அதிகம் காட்டும். அந்த மேல் எண் 25-ஐத் தாண்டாமல் இருந்தால் போதும்.

அது அதிகமாக இருந்தால் ஏசியைக் கூட்டுவதற்கு முன், பின்பக்கம் வரும் சூடான காற்று எந்த வழியாக முன்னால் வருகிறது என்று தேடுங்கள். ரேக்கில் காலியாக இருக்கும் யூக்கள்தான் பெரும்பாலும் அந்த வழி. பிளாங்க்கிங் பேனல் போட்டு மூடுங்கள், ரிச்சி தெருவில் விசாரித்தாலே கிடைக்கும். கேபிள் உள்ளே வரும் ஓட்டைகளுக்கு பிரஷ் பேனல். பின்பக்கம் சடைபோல் தொங்கும் கேபிள் ஃபேன் காற்றை மறைக்கிறதா பாருங்கள். இரண்டு வரிசை ரேக் இருந்தால் முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு. ஒன்றின் முதுகுச் சூட்டை இன்னொன்று மூச்சாக இழுக்கக் கூடாது. இதையெல்லாம் முடித்த பிறகு ஏசியை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இரண்டு மூன்று நாள் விட்டு. ஒரு டிகிரி ஏற்றினால் அறை ஏசியில் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு.

எத்தனை டன் வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு. சர்வர், ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து 6 கிலோவாட், யுபிஎஸ் உள்ளேயே இருந்தால் அதன் இழப்பு 0.6, சுவர், விளக்கு, உள்ளே வரும் ஆட்களுக்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 7.6. ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட், ஆக 2.2 டன். ஆனால் ஸ்ப்ளிட் ஏசி தன் சக்தியில் ஒரு பகுதியைக் காற்றின் ஈரத்தை எடுக்கவே செலவழிக்கும். மனிதர்களுக்காகச் செய்யப்பட்டது, நம் ஊர் புழுக்கத்தில் அது நமக்குப் பிடிக்கும், சர்வருக்கு அதில் லாபமில்லை. 70 சதவீதம்தான் சூட்டைக் குறைக்கப் பயன்படும் என்று பிடித்தால் 3.1 டன். அப்படியானால் 2 டன் ஏசி இரண்டு ஓட வேண்டும், மூன்றாவது ஒன்று மாற்றுக்கு. டைமர் போட்டு முறைவைத்து ஓட்டுங்கள், 24 மணி நேரமும் ஒன்றே ஓடினால் சீக்கிரம் படுத்துவிடும். சுமை பத்து கிலோவாட்டைத் தாண்டினால் சர்வர் ரூமுக்கென்றே செய்த பிரசிஷன் ஏசிக்குக் கணக்குப் போடத் தொடங்கலாம்.

இன்னும் மூன்று. ஏசியின் உள் யூனிட்டை ரேக்குக்கு நேர் மேலே மாட்டவே மாட்டாதீர்கள், டிரெயின் பைப் அடைத்தால் தண்ணீர் சொட்டுவது சர்வர் மேல்தான். வாங்கும் ஏசிக்கு ஆட்டோ ரீஸ்டார்ட் இருக்கிறதா பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்து, சர்வர் எல்லாம் யுபிஎஸ்ஸில் ஜாலியாக ஓட, ஏசி மட்டும் யாராவது ரிமோட்டை அமுக்கட்டும் என்று காத்திருந்தால் காலையில் ரூம் அடுப்பாகியிருக்கும். மூன்றாவது, நம் ஊர்க் காற்று. கடலோரம் என்றால் உப்பு, கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரம் என்றால் தேங்கிய சாக்கடையிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு. இரண்டும் செம்பை அரிக்கும், ஏசி காயிலில் கேஸ் கசியும், சர்வர் போர்டில் கனெக்டர்கள் கறுக்கும். ஜன்னலைத் திறந்து மார்கழிக் குளிரை உள்ளே விட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளி யூனிட்டை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவ ஏற்பாடு செய்யுங்கள்.

5. கரண்ட்

சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை இருக்கும், இரண்டும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் சொருகியிருக்கும். போய்ப் பாருங்கள், உங்கள் ரூமிலும் ஒன்றிரண்டு இருக்கலாம். இரண்டு யுபிஎஸ் இருந்தால் ஒன்று இதற்கு, ஒன்று அதற்கு. ஒரே யுபிஎஸ்தான் என்றால் இரண்டாவதை ஜென்செட் வரும் நேரடி லைனுக்குக் கொடுங்கள், நல்ல சர்ஜ் பாதுகாப்போடு. இரண்டு யுபிஎஸ் முறையில் ஒவ்வொன்றும் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒன்று விழுந்தால் மற்றது முழுச் சுமையையும் ஏற்க வேண்டுமே.

பேட்டரியைப் பலர் மாடிப்படிக்கு அடியிலோ பால்கனியிலோ வைக்கிறார்கள், இடம் மிச்சமாம். சாதாரண சீல்டு லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுளை 25 டிகிரியை வைத்துத்தான் சொல்கிறார்கள், அதற்கு மேல் சுமார் 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும். கத்திரி வெயிலில் படிக்கட்டுக்கு அடியில் 38 டிகிரி இருக்கும் இடத்தில் ஐந்து வருடப் பேட்டரி இரண்டு வருடத்தில் வீங்கி நிற்பதில் ஆச்சரியம் இல்லை. காற்றோட்டமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈபி லைனை அணைத்துவிட்டு எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று நிஜச் சுமையில் பாருங்கள். பேனலில் காட்டும் நிமிடத்தை நம்பாதீர்கள்.

எர்த்திங்கை எலக்ட்ரீஷியனிடம் அளக்கச் சொல்லுங்கள், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. ஹவுஸ்கீப்பிங் அக்கா வாக்குவம் கிளீனர் சொருகத் தனியாக ஒரு சாதா பிளக் பாயிண்ட் வையுங்கள், யுபிஎஸ் பாயிண்ட்டுகளுக்குச் சிவப்பு நிறம் அடியுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதனால் ட்ரிப் ஆன ரூம்கள் நிறைய. தீயணைப்புக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கட்டும். வராந்தாவில் இருக்கும் பவுடர் சிலிண்டரைச் சர்வர் மேல் அடித்தால் தீ அணையும், பவுடர் போர்டுகளை அரித்துவிடும்.

ஆயுத பூஜைக்கு ரேக்கின் கதவில் பொட்டு வையுங்கள், பூ சாத்துங்கள், தாராளமாக. சர்வரின் முன்பக்க வலையில் குங்குமத்தைத் தூவ வேண்டாம், ஃபேன் இழுத்து உள்ளே கொண்டுபோய்விடும். கற்பூரத்தை வெளியே காட்டுங்கள், ஸ்மோக் டிடெக்டருக்குப் பக்தி தெரியாது.

6. தண்ணீர்

2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். மூன்றும் மூன்று விதம். வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கியது, வர்தாவில் காற்று மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது, மிக்ஜாமில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடிப் பக்கம் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. தண்ணீர் நிற்கும் இடத்தில் பாதுகாப்புக்காக ஈபியே லைனை நிறுத்திவிடும், அது உங்கள் கட்டடம் நனைந்ததா இல்லையா என்று பார்த்துச் செய்வதில்லை.

ஆகவே ரூம் எங்கே இருக்கிறது என்பது முதல் கேள்வி. பேஸ்மென்ட்டும் தரைத்தளமும் கூடாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளமும் நல்லதல்ல, மேலே வெயில் காய்ச்சும், மழைக்கு ஒழுகும், தண்ணீர்த் தொட்டி வேறு அங்கேதான் இருக்கும். நடு மாடி, கழிவறைக்கும் பேன்ட்ரிக்கும் பக்கத்தில் இல்லாத சுவர். ரூமை மாற்ற முடியாவிட்டால் ரேக்கின் அடி யூக்களைக் காலியாக விடுங்கள், தரையில் எந்த ஜங்ஷன் பாக்ஸும் வேண்டாம், ஒரு நீர்க்கசிவு சென்சார் போடுங்கள்.

ரூம் நாலாவது மாடியில் இருந்தும் ஜென்செட்டும் மெயின் பேனலும் தரையில் இருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பில்டிங் ஓனரோடு பேசி ஒரு மேடை கட்டச் சொல்லுங்கள், 2015-இல் அந்தத் தெருவில் தண்ணீர் எந்த அளவு நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டால் கையால் காட்டுவார், அதற்கு மேல் உயரம் வேண்டும். டீசல் கணக்கு: ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.3 லிட்டர். 20 கிலோவாட் சுமைக்கு மணிக்கு 6 லிட்டர், இரண்டு நாளுக்கு 288. டாங்கர் தெருவுக்குள் வர முடியாத இரண்டு நாள் அது. பில்டிங் பொது ஜென்செட் என்றால் லிஃப்ட்டும் மோட்டாரும் அதிலேயே ஓடும், புயல் நாளில் எதை நிறுத்துவது என்று ஓனரிடம் முன்னாலேயே எழுதி வாங்குங்கள்.

7. இணைய லைன்

இரண்டு கம்பெனியிடம் லைன் வாங்கினாலும் இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரு மரம் போதும். மழைநீர் வடிகால் தோண்டும் ஜேசிபிக்கும் அது பொருந்தும். எந்தத் தெரு வழியாக, தரைக்கு அடியிலா மேலேயா என்று கேட்டு, ஒன்றைக் கட்டடத்தின் வேறு பக்கமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது இரண்டாவதை ரேடியோ லிங்காக வாங்குங்கள். ஃபயர்வாலும் இரண்டு வேண்டும். முடியாவிட்டால் கான்ஃபிகரேஷன் பேக்கப்போடு ஒரு பழைய பெட்டியாவது பீரோவில் இருக்கட்டும்.

8. பேக்கப், அதைவிட ரீஸ்டோர்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இந்தப் பழைய சூத்திரத்தோடு இப்போது இன்னொன்றைச் சேர்க்கிறார்கள்: ஒரு பிரதியாவது யாராலும், அட்மின் பாஸ்வேர்டு இருந்தாலும்கூட, குறிப்பிட்ட நாள் வரை அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். டேட்டாவைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர்காரர்கள் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். நாஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் பகிரும் டிஸ்க் பெட்டி) எல்லா சர்வரிலும் டிரைவாக மாட்டி வைத்திருந்தால் சர்வரோடு சேர்ந்து அதுவும் பூட்டப்படும். பேக்கப் சர்வரை அலுவலகத்தின் பொது லாகின் அமைப்பான டொமைனில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனிப் பாஸ்வேர்டு. டேட்டாவைப் பல டிஸ்க்கில் சேர்த்து வைக்கும் ரெய்டு இருக்கிறதே என்பவருக்கு: ரெய்டு டிஸ்க் போனால் காப்பாற்றும், ஃபோல்டரை யாராவது அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழித்துத் தரும்.

டேலி டேட்டாவைப் பகலில், ஆட்கள் என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும்போது வெறுமனே காப்பி செய்தால் அது திறக்காமல் போகலாம், ராத்திரி நேரம் குறித்து எடுங்கள். கணக்குப் புத்தகங்களை மின்னணு முறையில் வைத்திருக்கும் கம்பெனிகள் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022-இல் கம்பெனிச் சட்ட விதி திருத்தப்பட்டது, இதை ஆடிட்டரிடம் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்கை எம்.டி. வீட்டு பீரோவில் வைப்பது இங்கே பரவலான வழக்கம், அதில் தப்பில்லை, என்க்ரிப்ட் செய்திருந்தால்.

மாதம் ஒருமுறை ஏதோ ஒரு ஃபைலை, காலாண்டுக்கு ஒருமுறை ஒரு முழு மெஷினை வேறு இடத்தில் ரீஸ்டோர் செய்து, அந்தப் பிரிவில் வேலை பார்ப்பவரையே உட்கார வைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். ‘விழுந்தால் எப்போது வரும்?’ என்று கேட்கும்போது அந்த எண்ணைத்தான் சொல்ல வேண்டும்.

9. கிளவுடா, கோலோகேஷனா, இங்கேயேவா

இது ஒன்பதாவது படியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கணக்கெடுக்காமல், தேவையில்லாததை அணைக்காமல் கிளவுடுக்குப் போனால், தூங்கும் சர்வர்களுக்கு மாதாமாதம் வாடகை கட்டுவீர்கள்.

24 மணி நேரமும் ஒரே அளவில் ஓடும் ஈஆர்பி (கம்பெனியின் மொத்த வேலையையும் நடத்தும் சாஃப்ட்வேர்), டேட்டாபேஸ் போன்றவை நம் ரூமில் உள்ள சொந்த சர்வரிலோ கோலோகேஷனிலோ (நம் சர்வரை டேட்டா சென்டரில் வாடகை இடத்தில் வைப்பது) பெரும்பாலும் மலிவாக முடியும். ஏறி இறங்கும் சுமை, மெயில், வெளியூர்க் கிளைகள் தொடும் அப்ளிகேஷன், வெளியூர் பிரதி இவற்றுக்குக் கிளவுட். விலையைப் பார்க்கும்போது டேட்டா வெளியே எடுக்கும் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள், உள்ளே போட இலவசம், எடுக்கத்தான் காசு. மைக்ரோசாஃப்ட் அஷூரின் ‘தென்னிந்தியா’ ரீஜன் சென்னையிலேயே இருக்கிறது, வேகத்துக்கு நல்லது. ஆனால் பேரிடர் பிரதியை இங்கேயே வைக்காதீர்கள், ஒரே புயல் இரண்டையும் தொடும். ஏடபிள்யூஎஸ் மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் இருக்கிறது, கூகுள் மும்பையிலும் டெல்லியிலும்.

கோலோகேஷனுக்கு அம்பத்தூர், சிறுசேரிப் பக்கம் தேர்வு நிறைய, கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால் இணைப்புக்கும் பஞ்சமில்லை. நேரில் போய்ப் பாருங்கள், கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். ரேக் வாடகையில் எத்தனை கிலோவாட் அடக்கம், பயன்படுத்தாவிட்டாலும் கட்ட வேண்டுமா? நம் ரேக்கை இணையக் கம்பெனியோடு உள்ளேயே இணைக்கும் கேபிளுக்கு, அதாவது கிராஸ் கனெக்ட்டுக்கு, மாதம் எவ்வளவு? ராத்திரியில் அவர்கள் ஆள் ஒரு பட்டனை அமுக்க எவ்வளவு? ‘டயர் 3’ (டேட்டா சென்டரின் நம்பகத்தன்மைத் தரம்) என்றால் அப்டைம் இன்ஸ்டிட்யூட் கொடுத்த சான்றிதழ் வரைபடத்துக்கா, கட்டி முடித்த கட்டடத்துக்கா? இரண்டுக்கும் தனித்தனிச் சான்றிதழ் உண்டு, விளம்பரத்தில் அந்த வித்தியாசம் வராது.

10. கண்காணிப்பு, ஆட்கள், சட்டம்

ஜாபிக்ஸ், லிப்ரெஎன்எம்எஸ் என்ற கண்காணிப்பு சாஃப்ட்வேர்கள் இலவசம். காசு கொடுத்து வாங்குவதென்றால் நம்ம ஊர் ஸோஹோவின் மேனேஜ்இன்ஜின் ஆப்மேனேஜர் போல இருக்கின்றன. எதை வைத்தாலும் ஆரம்பத்தில் ஐந்தாறு அலாரம் மட்டும் போதும்: ரேக் முன்பக்க வெப்பம், யுபிஎஸ் பேட்டரிக்கு மாறியது, டிஸ்க் நிரம்புவது, பேக்கப் தோற்றது, லைன் விழுந்தது, நீர்க்கசிவு. நூறு அலாரம் வைத்தால் ஒரே வாரத்தில் எல்லோரும் ம்யூட் போட்டுவிடுவார்கள். முக்கியமாக, லைன் விழுந்தால் அலாரம் எந்த வழியாக வெளியே வரும்? சிம் கார்டு போட்ட ஒரு எஸ்எம்எஸ் பெட்டி வையுங்கள்.

ராத்திரியில் அந்த ரூமுக்கு மிக அருகில் இருப்பவர் செக்யூரிட்டி அண்ணன்தான். ஏசி நின்றால், சத்தம் கேட்டால், தண்ணீர் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும், யாருக்குப் போன் போட வேண்டும், எந்த பட்டனைத் தொடவே கூடாது என்று தமிழில், பெரிய எழுத்தில் கதவில் ஒட்டுங்கள். முழு நடைமுறைக் குறிப்புகளும் பிரிண்ட் எடுத்து ஒரு ஃபைலில் இருக்கட்டும், சர்வர் விழுந்த நேரத்தில் சர்வரில் உள்ள ஆவணத்தைத் திறக்க முடியாது.

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி சைபர் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை (சாதனங்களின் நடவடிக்கைப் பதிவு) 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். எல்லாச் சாதனங்களின் கடிகாரமும் அவர்கள் சொல்லும் நேர சர்வரோடு ஒத்துப்போக வேண்டும். நேரம் சரியில்லாத லாகை வைத்து எதையும் கண்டுபிடிக்கவும் முடியாது.

11. வருடத்தை எப்படிப் பிரிப்பது

பொங்கல் முடிந்ததும் பட்ஜெட் வேலை, ஏப்ரலுக்கு முன் ஒப்புதல் வாங்க. மார்ச்சுக்குள் ஏசி சர்வீஸ் முடிய வேண்டும், மே மாதத்தில் மெக்கானிக் போனை எடுக்க மாட்டார். ஜூலை, ஆகஸ்டில் பேட்டரிச் சோதனை, சர்வர் மாற்றம், பெரிய அப்கிரேட் எல்லாம். செப்டம்பரில் மாடி ஒழுகல், வடிகால், டீசல், ஒரு முழுப் பேரிடர் ஒத்திகை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரை பேட்ச் தவிர வேறு பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம், வடகிழக்குப் பருவமழையோடு மைக்ரேஷனையும் சேர்த்துச் சமாளிக்க முடியாது.

ஏஎம்சிகளைப் புதுப்பிக்கும்போது ‘4 மணி நேர ரெஸ்பான்ஸ்’ என்ற வரியில் நின்று கேளுங்கள்: நாலு மணி நேரத்தில் போன் வருமா, ஆள் வருவாரா, பார்ட் வருமா? பார்ட் சென்னையில் ஸ்டாக் இருக்கிறதா, பெங்களூரிலிருந்து வர வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் கணக்கில் உண்டா? பதிலை மெயிலில் வாங்கி, முதல் படியில் போட்ட அதே ஷீட்டில் அந்தப் பெட்டியின் வரியில் சேர்த்துவிடுங்கள். எல்லா ஏஎம்சிகளும் மார்ச் 31-இல் முடியும்படி இருந்தால் அடுத்த முறை சிலவற்றை ஜூனுக்குத் தள்ளுங்கள், ஒரே வாரத்தில் எல்லா வெண்டரோடும் பேரம் பேச முடியாது.